ஆறு இலக்குகளும் ஒரே எட்டு மணியும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வேலைக்குப் போகிறவர். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நோட்டில் ஆறு இலக்குகளை எழுதியிருக்கிறார்: பதவி உயர்வுக்கான தேர்வில் தேறுவது, எட்டு கிலோ எடையைக் குறைப்பது, ஒரு புது மொழி கற்பது, வாங்கிய கடனை அடைப்பது, மாதம் இரண்டு புத்தகம் படிப்பது, கிட்டார் பழகுவது. ஐந்து மாதம் ஓடிவிட்டது, எதுவும் உருப்படியாக நகரவில்லை. "எனக்குக் கவனமே நிற்பதில்லை. எழுதி வைத்தால் நடக்கும் என்றார்கள், நடக்கவில்லை. இலக்கை எப்படி வைப்பது, எதை முதலில் எடுப்பது?" என்று கேட்கிறார்.

உங்களுக்குக் கவனம் நிற்காது என்பதை நான் நம்பவில்லை. உங்கள் கேள்வியிலேயே ஒரு வரி இருக்கிறது: "படிக்க உட்கார்ந்தால் இன்னும் நடக்கப் போகவில்லையே என்று உறுத்துகிறது. நடக்கப் போனால் படிக்காமல் வந்துவிட்டோமே என்று இருக்கிறது." நான் இதைத் தீர்க்காத வழக்கு என்பேன். படிப்பும் நடையும் இரவு எட்டு மணிக்காக வழக்குப் போட்டிருக்கின்றன. நீதிபதி நீங்கள். தீர்ப்பு எழுதவில்லை. அதனால் அதே வாதம் தினமும் முதலிலிருந்து நடக்கிறது, அதைக் கேட்டே களைத்துப் போகிறீர்கள். ராபர்ட் எம்மன்ஸ், லாரா கிங் என்ற இரு உளவியலாளர்கள் 1988இல் இதைத்தான் பார்த்தார்கள். எந்த இலக்குகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவோ, அவற்றைப் பற்றி மக்கள் நிறைய யோசிக்கிறார்கள், குறைவாகச் செய்கிறார்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம்மிடம் பழமொழியே இருக்கிறது. அந்தத் தச்சனைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். பாவம், அவன் நாள் முழுக்கக் காட்டில் நடந்துகொண்டுதான் இருந்திருப்பான்.

முன்னுரிமை என்ற சொல்லை எல்லோரும் புழங்குகிறோம். அதைப் பிரித்துப் பார்த்தால் முன்னால் போகும் உரிமை. ஒருவருக்கு முன்னால் போக உரிமை கொடுத்தால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். "என் முன்னுரிமைகள் ஆறு" என்று எழுதும்போது யாருமே ஒதுங்கவில்லை, வாசலில் நெரிசல் மட்டும்தான் மிச்சம்.

எழுதி வைத்தால் நடக்கும் என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் இலக்கை எழுதி வைத்திருந்தார்கள், இருபது ஆண்டுக்குப் பின் மற்ற 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தைவிட அவர்கள் சொத்து அதிகம் என்று ஒரு கதை மேடைக்கு மேடை ஓடுகிறது. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கு யேலிலேயே ஒரு தடயமும் கிடைக்கவில்லை. எழுதுவது நல்ல பழக்கம்தான், நானும் எழுதுகிறேன். ஆனால் காகிதத்தில் எழுதுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும், அதைத்தான் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

அது மணிக் கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் உங்களைப் போல ஏழு இலக்கோடு திணறினேன். ஒரு வாரத்துக்கு அரை மணி அரை மணியாகக் கட்டம் போட்டு, என்ன செய்தேன் என்று பென்சிலால் நிரப்பினேன். தொடங்கும் முன் கேட்டிருந்தால் வாரத்துக்கு இருபது மணி நேரம் என் கையில் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். நிரப்பிப் பார்த்தால் ஒன்பதரை. அதிலும் நான்கு மணி நேரம் பதினைந்து நிமிடத் துண்டுகள், உட்கார்ந்து எழுந்தால் போய்விடும். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமைக் கட்டத்தில் "8.10 முதல் 8.55 வரை: நோட்டைத் திறந்தேன், அலமாரியை அடுக்கினேன்" என்று இருக்கிறது. அந்த அலமாரி யாரும் அடுக்கச் சொல்லாதது. மூன்று இலக்குகள் ஒரே நேரத்தில் கூப்பிட்டபோது கை நான்காவதாக ஒன்றைத் தேடிக்கொண்டது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ஆறுக்கும் விலை போட்டுப் பார்க்கலாம். தேர்வுக்கு வாரம் நான்கு நாள் ஒன்றரை மணி நேரம் என்றால் ஆறு மணி. நடை முக்கால் மணி வீதம் ஐந்து நாள், மூன்றே முக்கால். மொழிக்கு அரை மணி வீதம் ஐந்து நாள், இரண்டரை. கிட்டார் அரை மணி வீதம் நான்கு நாள், இரண்டு. புத்தகம் ஒன்று முந்நூறு பக்கம், மணிக்கு நாற்பது பக்கம் என்று வைத்தால் ஒரு புத்தகத்துக்கு ஏழரை மணி, மாதம் இரண்டுக்குப் பதினைந்து, வாரத்துக்கு ஏறக்குறைய மூன்றரை. கடனுக்கு மாதம் ஒரு மணி நேரம் கணக்குப் பார்த்தால் போதும். மொத்தம் வாரம் பதினெட்டு மணி நேரம். உங்கள் கையில் இருப்பதும் என்னைப் போல ஒன்பது பத்து என்றால், ஐந்து மாதமாக நீங்கள் தோற்றது மனஉறுதியிலா, கூட்டல் கணக்கிலா?

இந்தப் பதினெட்டும்கூடக் குறைந்த மதிப்பீடுதான். ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மதிப்பிடுவதில் மனிதர்கள் எல்லோருமே மோசம். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், திட்டமிடல் மயக்கம் என்று தமிழில் சொல்லலாம். 1994இல் ரோஜர் பியூலரும் கூட்டாளிகளும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கு மேல். அதாவது அவர்கள் கற்பனை செய்த மோசமான நிலையைவிட உண்மை மோசமாக இருந்தது. அதனால் நான் போடும் எந்த மணிக் கணக்கையும் ஒன்றரையால் பெருக்கிவிடுகிறேன். அப்படியும் சில சமயம் போதவில்லை.

ஆக, பாதிக்கு மேல் வெளியே போக வேண்டும். எதை நிறுத்துவது? இங்கேதான் பலர் அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போடச் சொல்வார்கள். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் பெயரில் ஓடும் கட்டம் அது. அவர் 1954 ஆகஸ்டில் இவான்ஸ்டன் நகரில் பேசும்போது, என் பிரச்சினைகள் அவசரமானவை, முக்கியமானவை என இரண்டு வகை, அவசரமானவை முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரப்படுத்துவதில்லை என்ற கருத்தைச் சொன்னார். ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னது என்று சொல்லித்தான் சொன்னார். கட்டங்கள் பின்னால் வந்த மேலாண்மை ஆசிரியர்கள் போட்டவை. அலுவலக மின்னஞ்சல் குவியலுக்கு அது நல்ல கருவி. சொந்த இலக்குகளுக்கு எனக்கு அவ்வளவு உதவியதில்லை, காரணம் எளிது: உங்கள் ஆறையும் அந்தக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள், கடனை விட்டால் ஐந்தும் "முக்கியம், ஆனால் அவசரமில்லை" என்ற ஒரே கட்டத்தில்தான் விழும். ஒரே கட்டத்துக்குள் நடக்கும் சண்டைக்கு அந்தப் படம் பதில் சொல்லாது.

அது சொல்லும் எச்சரிக்கை மட்டும் உண்மை. மெங் ஜூவும் இரு ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட சோதனைகளில், குறைவான பலன் தரும் வேலைக்குக் கெடு நெருங்கியிருப்பதுபோல் காட்டினால் போதும், கணிசமானவர்கள் அதிகப் பலன் தரும் வேலையை விட்டுவிட்டு அதைப் பிடித்தார்கள். அந்தக் கெடுவுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. கெடு என்று ஒன்று தெரிந்தாலே மனம் அங்கே ஓடுகிறது. உங்கள் ஆறில் எதற்குக் கெடு இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்த்தால் ஐந்து மாதமாக எது எதைத் தின்றது என்று ஓரளவு புரியும்.

நான் செய்வது வேறு. "எது முக்கியம்?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லாமே முக்கியம் என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. இரண்டிரண்டாக எடுத்து, நாளும் நேரமும் சொல்லிக் கேட்பேன்: செவ்வாய் இரவு எட்டு மணி, ஒரே ஒரு மணி நேரம், தேர்வா மொழியா? தேர்வா நடையா? மொழியா கிட்டாரா? பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பொதுவாகக் கேட்டால் வராத பதில் செவ்வாய்க்கிழமை என்றால் வந்துவிடுகிறது.

பதில் வராமல் இழுத்தால் மூன்று விஷயம் பார்க்கலாம். வெளியிலிருந்து தேதி குறிக்கப்பட்டது எது? தேர்வுக்குத் தேதி உண்டு, கிட்டாருக்கு இல்லை. தள்ளிப்போட்டால் தானாகவே மோசமாவது எது? கடன் அப்படி, வட்டி தூங்காது. உடல்நலமும் ஓரளவு அப்படி. மூன்றாவது, ஒன்று முடிந்தால் மற்றவற்றுக்கு வழி விடுவது எது? தேர்வில் தேறிச் சம்பளம் கூடினால் கடன் சீக்கிரம் அடையும், தேர்வு முடிந்தாலே வாரத்தில் ஆறு மணி நேரம் விடுபடும். இந்த மூன்றிலும் தேர்வு எங்கே நிற்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடனைப் பற்றி ஓர் இடைச்செருகல். அது உங்கள் பட்டியலில் இருந்தாலும் இந்தப் போட்டியிலேயே இல்லை. மற்ற ஐந்தும் நேரத்துக்கு அடித்துக்கொள்கின்றன, கடன் கேட்பது பணத்தை. சம்பளம் வரும் நாளன்றே ஒரு தொகை தானாகக் கடன் கணக்குக்குப் போகும்படி செய்துவிட்டால் அதைத் தினமும் நினைக்க வேண்டியதில்லை. பல கடன் இருந்தால் அதிக வட்டி உள்ளதை முதலில் அடைப்பது கணக்குப்படி லாபம். சிறியதை முதலில் முடிப்பது மனத்துக்குத் தெம்பு. இரண்டில் எதை உங்களால் நிறுத்தாமல் செய்ய முடியுமோ அதைச் செய்யுங்கள். எப்படியும் அது நோட்டிலிருந்து வங்கிக்குப் போய்விட வேண்டும்.

மிச்சம் ஐந்து. அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று மட்டும் முன்னேறட்டும். ஒன்று பின்னுக்குப் போகாமல் நின்றால் போதும். உங்களுக்கு முன்னேற வேண்டியது தேர்வு, பின்னுக்குப் போகக் கூடாதது உடம்பு. பின்னுக்குப் போகாமல் என்றால் எட்டு கிலோவை மறந்துவிட்டு வாரம் மூன்று நாள் நடை, எடை ஏறாமல் இருந்தால் சரி. மற்ற மூன்றையும் கைவிடச் சொல்லவில்லை. நீதிமன்றம் செய்வதுபோலத் தேதி போட்டு ஒத்திவையுங்கள். தேதி என்பதுதான் இதில் உயிர். "பிறகு பார்க்கலாம்" என்று விட்ட மொழி தினமும் கதவைத் தட்டும். தேர்வு முடிந்த மறுவாரம் திங்கட்கிழமை என்று விட்ட மொழி பெரும்பாலும் தட்டாது. இ. ஜே. மசிகாம்போவும் ராய் பாமைஸ்டரும் 2011இல் காட்டியது இதற்கு நெருக்கமானது: முடிக்காத வேலை வேறொன்றைச் செய்யும்போது குறுக்கே வந்து தொல்லை தருகிறது. அதை எப்போது, எப்படிச் செய்வேன் என்று குறிப்பாகத் திட்டம் போட்டவர்களுக்கு, வேலை முடியாமலேயே அந்தத் தொல்லை அடங்கிவிட்டது.

இலக்கை எப்படி வாசகமாக்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் ஐம்பது ஆண்டுக்கு மேலான ஆய்வு இருக்கிறது. எட்வின் லாக் 1968இல் தொடங்கியது, பின்னால் கேரி லேதமும் சேர்ந்துகொண்டார். அவர்கள் கண்டதன் சாரம்: "முடிந்ததைச் செய்" என்பதைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு அதிக வேலை வாங்கும். 1975இல் லேதமும் ஜேம்ஸ் பால்டஸும் செய்த ஆய்வு எனக்குப் பிடித்தது. மரம் ஏற்றும் லாரிகள் சட்டம் அனுமதித்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தன. முடிந்தவரை ஏற்றுங்கள் என்றுதான் அதுவரை சொல்லியிருந்தார்கள். 94 சதவீதம் என்று எண்ணைக் கொடுத்ததும் சில மாதத்தில் 90 சதவீதத்தை எட்டின. கூடுதல் சம்பளம் கிடையாது, புது லாரி கிடையாது. எவ்வளவு என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொருத்தக் கூடாது. அந்த ஓட்டுநர்களுக்கு மரம் ஏற்றத் தெரியும். இன்னும் தெரியாத வேலைக்கு எண் வைத்தால் நிலைமை தலைகீழ். ரூத் கான்ஃபரும் ஃபிலிப் ஆக்கர்மனும் 1989இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையைப் போன்ற ஒரு கணினிப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கற்கத் தொடங்கிய நிலையிலேயே இத்தனை மதிப்பெண் எடு என்று இலக்கு வைத்தால் அது கற்பதையே கெடுத்தது. கவனத்தின் ஒரு பகுதி எண்ணைப் பார்ப்பதிலேயே போய்விடுகிறது. அதனால் உங்கள் தேர்வுப் பாடத்தில் புதிய பகுதி என்றால் "இந்த வாரம் எண்பது மதிப்பெண்" என்று வைக்காதீர்கள். "இந்த வகைக் கணக்கை எந்த வழியில் தொடங்குவது என்று மூன்று வழி கண்டுபிடிப்பேன்" என்று வையுங்கள். தெரிந்த பகுதிக்குத்தான் எண்: ஒரு மணி நேரத்தில் நாற்பது கேள்வி, அதில் முப்பத்திரண்டு சரி.

இலக்கு குறிப்பாக, அளக்கும்படி, கெடுவோடு இருக்க வேண்டும் என்றெல்லாம் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தைச் சேர்த்து ஸ்மார்ட் இலக்கு என்பார்களே, ஜார்ஜ் டோரன் 1981இல் எழுதிய கட்டுரையில் வந்தது அது. நிறுவன மேலாளர்களுக்காக எழுதியது. எல்லாக் குறிக்கோளையும் அளக்க முடியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம், வேதமாக்க வேண்டாம்.

எட்டு கிலோ என்பதில் இன்னொரு சிக்கல், அது நீங்கள் செய்யும் செயலே இல்லை. செவ்வாய்க்கிழமை யாரும் எட்டு கிலோ செய்ய முடியாது. எண் என்பது போய்ச் சேரும் இடம், நோட்டில் இருக்க வேண்டியது அன்றைக்கு வைக்கும் அடி. இதை எல்லோரும் சொல்வார்கள், அதனால் நீட்டவில்லை.

எல்லோரும் சொல்லாதது ஒன்று உண்டு. இலக்கை அடைந்துவிட்டதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்லும் அறிவுரையை நம்பாதீர்கள். கேப்ரியேல் ஓட்டிங்கன், தாமஸ் வாடன் இருவரும் 1991இல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களைக் கவனித்தார்கள். குறைத்துவிடுவோம் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகு எப்படி இருப்போம் என்று இனிமையாகக் கனவு கண்டவர்கள் குறைத்தது குறைவு. நம்பிக்கைக்கும் பகல் கனவுக்கும் உள்ள வித்தியாசம் தராசில் தெரிந்தது. ஓட்டிங்கன் பின்னால் சொன்ன மாற்று எளிமையானது: விரும்பியதை நினைத்த கையோடு, என்னிடம் உள்ள எது குறுக்கே நிற்கும் என்பதையும் நினை. ஊரையும் உறவையும் குறை சொல்லும் தடைகள் வேண்டாம், உங்களிடமே உள்ளது. உங்களுக்கு அது என்ன? வேலையிலிருந்து வந்ததும் ஐந்து நிமிடம் என்று படுத்து ஒன்பதரைக்கு எழுவதா? எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தடை தெரிந்தால் அதற்கு "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு வாக்கியம் கட்டலாம். "வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினால், படுக்கை அறைப் பக்கம் போகாமல் மேசையில் உட்கார்ந்து நேற்று விட்ட பக்கத்தைத் திறப்பேன்." பீட்டர் கோல்விட்சர் தொண்ணூறுகளில் இருந்து ஆராய்ந்துவரும் விஷயம் இது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதித் தருவதாக ஒத்துக்கொண்ட மாணவர்களில், எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவேன் என்றும் சொன்னவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் நேரத்தில் எழுதினார்கள். வெறுமனே ஒத்துக்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு. 2006இல் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோதும் பலன் தெளிவாகவே தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு ஆறு இலக்குக்கும் ஆறு வாக்கியம் எழுத உட்காராதீர்கள். நான் எழுதினேன், பயன் இல்லை. ஏமி டால்ட்டன், ஸ்டீபன் ஸ்பில்லர் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஏன் என்று சொல்கிறது. ஓர் இலக்கு இருந்தபோது இந்த வாக்கியம் நன்றாக வேலை செய்தது. பல இலக்குகளுக்கு எழுதச் சொன்னதும் பலன் காணாமல் போனது. வரிசையாகத் திட்டம் போடும்போதே இதெல்லாம் எவ்வளவு கஷ்டம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, பிடிப்பு தளர்கிறது. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தீர்ப்பு முதலில் வர வேண்டும்.

சரி, தீர்ப்பு எழுதியாயிற்று, செவ்வாய் எட்டு மணிக்கு உட்கார்ந்தும் ஆயிற்று. அப்போதும் மனம் அலைந்தால்? பாதி காரணம் அலுவலகத்திலிருந்து தலைக்குள் வந்த வேலை. சோஃபி லெராய் 2009இல் கவன எச்சம் என்று பொருள்படும் ஒரு பெயரை இதற்கு வைத்தார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, புதிய வேலையின் தரம் குறைகிறது. கழுவாத பாத்திரத்தில் ஒட்டிய எச்சம் போலத்தான். எதையும் முடித்துவிட்டுத்தான் எழுவேன் என்பது நடக்காத காரியம், அதனால் எழும்போது ஒரு வரி எழுதிவிட்டு எழுவது என் பழக்கம். நேற்று நான் விட்ட வரி இது: "பக்கம் 112, மூன்றாவது கணக்கு, இரண்டாம் வரியில் குறி மாறிவிட்டது, அங்கிருந்து." இந்த ஒரு வரிக்கு இரண்டு வேலை. இரவு அதை நினைத்துப் புரள வேண்டியதில்லை, மறுநாள் எங்கே தொடங்குவது என்று இருபது நிமிடம் தடவ வேண்டியதும் இல்லை. "கணக்கு படிக்க வேண்டும்" என்று எழுதினால் இந்தப் பலன் வராது. குறி எந்த வரியில் மாறியது என்பது வரை எழுத வேண்டும்.

ஃபோனை அடுத்த அறையில் வையுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

இலக்கை வெளியே சொல்லலாமா கூடாதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. இரு பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. கோல்விட்சர் குழு 2009இல் கண்டது: தான் ஆக விரும்பும் ஒன்றைப் பற்றிய எண்ணத்தை அடுத்தவர் கேட்டு அங்கீகரித்துவிட்டால், ஆகிவிட்டது போன்ற நிறைவு வந்து உழைப்பு குறைகிறது. பெஞ்சமின் ஹார்கினும் மற்றவர்களும் 138 ஆய்வுகளைத் திரட்டி 2016இல் சொன்னது: முன்னேற்றத்தைக் கண்காணிப்பது உதவுகிறது, அதை எழுதிவைத்தாலோ பிறருக்குத் தெரியப்படுத்தினாலோ இன்னும் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முரண் தெரியவில்லை. ஆசையைச் சொன்னால் கெடுகிறது, கணக்கைச் சொன்னால் உதவுகிறது. "நான் இந்த ஆண்டு தேறிவிடுவேன்" என்று பத்துப் பேரிடம் சொல்ல வேண்டாம். "இந்த வாரம் ஆறில் நாலரை மணி உட்கார்ந்தேன்" என்று ஒரே ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். பாராட்டுகிறவராக இல்லாமல், "மீதி ஒன்றரை எங்கே?" என்று கேட்கிறவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சில வாரம் இரண்டு மணிதான் வரும். அப்போது புது நோட்டு வாங்கி முதலிலிருந்து தொடங்கும் ஆசை வரும். வேண்டாம். இருபத்தொரு நாளில் பழக்கம் படியும், ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்பது வெறும் பேச்சு. ஃபிலிப்பா லாலி குழு லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஒரு சின்னச் செயல் தானாக வரும் நிலைக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபாடு. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதகம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வாரம் என்று நான் சொன்னது மந்திர எண்ணெல்லாம் இல்லை, அவ்வளவாவது கொடுங்கள் என்பதற்குத்தான்.

இதையெல்லாம் படிக்கும் எல்லோருக்கும் ஒன்பது மணி நேரம் மிஞ்சாது என்பது எனக்குத் தெரியும். கைக்குழந்தையோ படுத்த படுக்கையான பெற்றோரோ இரண்டு வேலையோ இருப்பவர் கட்டத்தை நிரப்பிப் பார்த்தால் ஒன்றரை மணிதான் வரலாம். அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முன்னேறும் இலக்கு இந்தப் பருவத்தில் வேண்டாம், பின்னுக்குப் போகாமல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அதைக் குற்ற உணர்வு இல்லாமல் வையுங்கள். எட்ட முடியாத இலக்கை விடத் தெரிந்தவர்கள், அதோடு வேறொன்றைப் பிடிக்கத் தெரிந்தவர்கள், மனநலத்தில் நன்றாக இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் வ்ரோஷ் 2003 முதல் காட்டி வருகிறார். விடாமுயற்சியைப் பற்றி இருக்கும் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட விடுவதைப் பற்றி இல்லை.

கடைசியாகக் கிட்டார். ஐந்து மாதத்தில் அதை எத்தனை முறை கையில் எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. படிக்க உட்கார்ந்த இரவுகளில் கை தானாக அதன் பக்கம் போனதுண்டா? போனதுண்டு என்றால் ஒத்திவைப்பில் அதற்குத்தான் முதல் தேதி, மொழிக்கும் முன்னால். ஒரு முறைகூடப் போகவில்லை என்றால் தேதி போட வேண்டாம். பழக ஆசைப்படும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அறையில் இடமாவது மிஞ்சும்.